தெலுக் ஆயர் தாவார் பறவைப் படகு: இன்ஜினை அணைக்கத் தெரிந்தவரோடு போங்கள்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கேட்பது அதைத்தான். பறவை பார்க்கக் கூட்டிப் போகும் படகுக்கு 240 வெள்ளி (ரிங்கிட்), நான்கு பேர் வரை ஏறலாம், மூன்றரை மணி நேரம். கூட வரும் வழிகாட்டித் தம்பிக்குத் தனியாக 150. நான்கு பேர் சேர்ந்து போனால் ஆளுக்கு நூறு வெள்ளிக்குள் முடிந்துவிடும். நாங்கள் மூன்று பேர்தான் போனோம். நான், 71 வயதாகும் அப்பா, என் தம்பி மகன், அவனுக்கு 10 வயது. ஆளுக்கு 130 வெள்ளி ஆனது. கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது என்பேன், ஆனால் அது பறவை நிறையப் பார்த்ததால் இல்லை. பறவை எங்கே போனாலும் பார்க்கலாம். படகோட்டி, வழிகாட்டி இருவரிடமும் நான் பார்த்தது பொறுமை, அதைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இடம் தெரியாதவர்களுக்கு: பட்டர்வொர்த்துக்கு வடக்கே, தெலுக் ஆயர் தாவாரில் தொடங்கி கெடா எல்லையில் சுங்கை மூடா கடலில் கலக்கும் இடம் வரைக்கும் போகிற கரை. பினாங்கு என்றாலே தீவும் பத்து பெரிங்கி கடற்கரையும்தான் என்று நினைக்கிற நம் ஆட்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை. வர என்ன இருக்கிறது, மணல் கிடையாது, குளிக்க முடியாது, நீர் வற்றினால் கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு. நாங்கள் பாகான் ஆஜாமில் 20 வருடமாக இருக்கிறோம், சாயங்காலம் ரோபினா கடற்கரையில் நடப்போம், தூரத்துச் சேற்றில் புள்ளி புள்ளியாக ஏதோ நகரும், கொக்கு என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். அந்தப் புள்ளிகளில் பாதி சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர்காலம் கழிக்க வந்தவை என்று தெரிந்ததே இரண்டு வருடத்துக்கு முன்புதான். அன்றிலிருந்து எனக்கு இது பைத்தியமாகவே ஆகிவிட்டது.

ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலும் அலாஸ்காவிலும் தொடங்கி, சீனா, கொரியா, நம் நாடு எல்லாம் தாண்டி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை போகும் பறவைப் பாதை ஒன்று இருக்கிறது. 22 நாடுகள், 5 கோடிக்கும் மேலான நீர்ப்பறவைகள். நம் சேற்றுக்கரை அந்தப் பாதையில் ஒரு பசியாறும் கடை மாதிரி. சில பறவைகள் ஆகஸ்டு, செப்டம்பரில் வந்து வயிற்றை நிரப்பிக்கொண்டு இன்னும் தெற்கே போய்விடும். நிறையப் பறவைகள் மார்ச், ஏப்ரல் வரை இங்கேயே தங்கிவிடும்.

சரி, போன வருடம் நடந்ததைச் சொன்னால்தான் இந்த வருடம் ஏன் இவ்வளவு பிடித்தது என்று புரியும். அது வேறு படகு, வேறு ஆள், பேர் சொல்லப் போவதில்லை. விலை உயர்ந்த கேமரா வைத்திருந்தவர்கள் நான்கு பேர் இருந்தார்கள், ஐந்தாவதாக நான். சேற்றுத் திட்டில் ஒரு பெரிய கூட்டம் உட்கார்ந்திருந்தது, ஆயிரத்துக்குக் குறையாது. படகோட்டி இன்ஜினை முறுக்கிக்கொண்டு நேராக அதற்குள்ளேயே விட்டார், பறக்கும்போது படம் நன்றாக வருமாம். கூட்டம் எழுந்தது, சுற்றியது, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. படகு மறுபடியும் அங்கே போனது. இப்படி நான்கு முறை. நான் வாயைத் திறந்து போதும் என்று சொன்னேன், காசு கொடுத்திருக்கிறோம் இல்லையா என்று பதில் வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த செங்கழுத்துக் கொசு உள்ளானின் எடை 30 கிராம் கூட வராது, இரண்டு மேசைக்கரண்டி சீனி அளவு. அதற்கு உடம்பில் சேர்கிற கொழுப்புதான் பெட்ரோல். வடக்கே ஆர்க்டிக் வரை திரும்பிப் போக அது துளித் துளியாகச் சேர்த்து வைக்கிறது, நாம் ஒரு படத்துக்காக அதை எரிக்க வைக்கிறோம்.

அதனால் இந்த முறை தெரிந்தவர்களிடம் கேட்கும்போது ஒரே கேள்விதான் கேட்டேன்: படகோட்டி கூட்டத்துக்குள் போவாரா, மாட்டாரா? மாட்டார் என்று இரண்டு பேர் ஒரே ஆளைச் சொன்னார்கள்.

நான் சனிக்கிழமை வருகிறோம் என்று கேட்டேன். படகோட்டி பாக்சிக் (மலாயில் பெரியவரை இப்படித்தான் கூப்பிடுவோம்) முடியாது என்றார். தைப்பூசம் முடிந்து இரண்டாம் நாள் வா என்றார். மலாய்க்கார மீனவர் தைப்பூசத்தை வைத்து நாள் குறிக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். யோசித்துப் பார்த்தால் அது சரியான கணக்கு. பூசம் பௌர்ணமியில் வருகிறது, பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். அந்த நாட்களில் இங்கே ஏற்றத்துக்கும் வற்றுக்கும் ஏறக்குறைய 2 மீட்டர் வித்தியாசம். நீர் முழுக்க வற்றிக் கிடந்தால் பறவைகள் கிலோமீட்டர் கணக்கில் பரவிப்போய் மேய்ந்துகொண்டிருக்கும், எந்தக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பயன் இல்லை. நீர் முழுக்க ஏறிவிட்டால் சேறே இருக்காது, அவை வேறு இடம் தேடிப் பறந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், நீர் ஏறிக்கொண்டே வரும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் கடல் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். ஏற்றம் நாளுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிந்திக்கொண்டே போகும் என்பதால் போன வாரம் ஒன்பது மணிக்குப் போனவர் சொன்னார் என்று நீங்கள் இந்த வாரம் ஒன்பது மணிக்குப் போனால் ஒன்றும் கிடைக்காது. நீரேற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு போன் பண்ணுங்கள், அல்லது பாக்சிக் சொல்லும் நாளுக்கே ஒத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் லீவு போடத்தான் வேண்டும். நான் போட்டேன்.

காலை ஒன்பது மணிக்கு ஜெட்டி. ஜெட்டி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், கம்பத்துக்கு (கிராமத்துக்கு) பின்னால் ஓடையில் நட்ட நான்கு கம்பும் பலகையும். படகு சாதாரண மீன்பிடி சம்பான், உள்ளே குறுக்கே பலகை. அப்பா இறங்கும்போது பாக்சிக் தண்ணீரில் இறங்கி நின்று, மெதுவா அண்ணே, மெதுவா என்று முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். வழிகாட்டித் தம்பி சுங்கை பட்டாணிக்காரர், முப்பது வயது இருக்கும், அப்பாவை ஐயா என்றுதான் கடைசி வரை கூப்பிட்டார். பறவை பெயரை மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டு, தமிழில் இருந்தால் தமிழிலும் சொல்வார். உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி, மூக்கன், ஆலா என்று அவர் சொல்லச் சொல்ல பையன் நோட்டில் எழுதினான். பவளக்காலி என்ற பேர் அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அந்தச் சிவப்புக் காலைப் பார்த்ததும் இனி மறக்க மாட்டான்.

ஓடையிலேயே வேடிக்கை தொடங்கிவிடும். வேர்களுக்கு நடுவே கருந்தலை மீன்கொத்தி, சேற்றில் தத்தும் பெலாச்சாக் மீன், மேலே செம்பருந்து. எங்களுக்கு முன்னால் ஒரு உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டே ஒவ்வொரு வளைவிலும் பறந்து பறந்து உட்கார்ந்தது. இதையெல்லாம் விரிவாக எழுதவில்லை, வருடம் முழுக்கப் பார்க்கக்கூடியவையும் இதில் உண்டு.

கடல் வாயைத் தாண்டி வடக்கே திரும்பி ஒரு கால் மணி நேரம் போயிருப்போம். முன்னால் சேற்றுத் திட்டு, அதில் கூட்டம். என் கை தானாகப் பலகையை இறுக்கிப் பிடித்தது, போன வருட ஞாபகம். பாக்சிக் இன்ஜினை அணைத்தார். நாங்கள் இன்னும் இருநூறு மீட்டர் தள்ளி இருந்தோம். ஒரு நீளக் கம்பைச் சேற்றில் குத்திப் படகைக் கட்டிவிட்டு, சுருட்டைப் பற்றவைக்கப் போய், அப்பாவைப் பார்த்துவிட்டு மறுபடி பையில் வைத்துக்கொண்டார். துங்கு, என்றார். காத்திரு என்று. அவ்வளவுதான். அடுத்த நாற்பது நிமிடம் அவர் வேறு எதுவும் பேசவில்லை.

அந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் நான் மறுபடியும் போவேன். நீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் திட்டின் ஓரம் ஒவ்வொரு விரல் அளவாகக் குறையக் குறைய, பறவைகள் ஒவ்வொரு அடியாக நம் பக்கம் நடந்து வருகின்றன. அவற்றுக்கு நாம் மிதக்கிற ஒரு மரக்கட்டை. முதலில் சத்தம் கேட்டது, பிறகு கால் நிறம் தெரிந்தது, பிறகு அலகு, கடைசியில் கண். டெரெக் உள்ளான் என்று ஒன்று, மேல் நோக்கி வளைந்த அலகு, ஆரஞ்சுக் கால், குனிந்துகொண்டே ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப் போவது போல ஓடுகிறது, திடீரென்று திரும்பி வேறு பக்கம் ஓடுகிறது. உப்புக்கொத்திகள் அப்படி இல்லை, மூன்று எட்டு ஓடும், நிற்கும், பார்க்கும், கொத்தும். தம்பி காதோரம் விளக்கினார்: உப்புக்கொத்திக்கு அலகு குட்டை, அதனால் மேலே தெரிவதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கும், மூக்கனுக்கு நீள அலகு, அது கண்ணை நம்பாது, சேற்றுக்குள் விட்டுத் தடவிப் பார்த்தே புழுவைப் பிடிக்கும். ஒரே சேறு, ஆனால் ஆளாளுக்கு ஒரு ஆழம், சண்டை வேண்டியதில்லை. பாக்சிக் படகோரம் கையை விட்டு ஒரு பிடி சேற்றை அள்ளிப் பையன் உள்ளங்கையில் வைத்தார். விரலால் விலக்கிப் பார்த்தான், பல் குத்தும் குச்சியை விட மெலிந்த புழு இரண்டு, அரிசி அளவுச் சிப்பி ஏழெட்டு. ஒரு பிடியிலேயே அவ்வளவு. அதை எண்ணிவிட்டு அவனே மறுபடி தண்ணீரில் கழுவி விட்டான்.

அப்புறம் அந்தக் கோட்டான், ஆந்தை இல்லை, ஆங்கிலத்தில் கர்லியூ என்கிற கரைப்பறவை. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மற்றவற்றை விட இரண்டு மடங்கு பெரிது, தவிட்டு நிறம், கீழே வளைந்த அலகு அதன் உடம்பில் பாதி நீளம் இருக்கும். கோட்டானில் இரண்டு பெரிய வகை இங்கே வருகிறது, நிற்கும்போது எனக்கு இரண்டும் ஒன்றுதான். இறக்கை விரிக்கட்டும், முதுகுக்குக் கீழே வெள்ளையாக இருந்தால் ஐரோப்பா, மத்திய ஆசியா பக்கத்துக் கோட்டான், பழுப்பாக இருந்தால் தூரகிழக்குக் கோட்டான் என்றார் தம்பி. அது இறக்கை விரிக்கிற மாதிரி இல்லை, நண்டு வளை ஒன்றின் முன்னால் நின்றது. அலகை உள்ளே விட்டது, தலையைச் சாய்த்து இன்னும் உள்ளே விட்டது, கன்னம் சேற்றில் படும் அளவுக்கு. வெளியே இழுத்தால் நுனியில் நண்டு. உதறு உதறு என்று உதறியது, ஒவ்வொரு உதறலுக்கும் ஒரு கால் தெறித்து விழுந்தது. பிறகு ஓரத்துத் தண்ணீருக்கு நடந்து போய் அதை முக்கி எடுத்து, அண்ணாந்து, ஒரே விழுங்கு. தொண்டையில் அது இறங்குவது பைனாகுலரில் தெரிந்தது.

"அத்தை, கழுவிச் சாப்பிடுது!"

"உன் பாட்டியும் காலை ஒடிச்சிக் கழுவிட்டுத்தான்டா ரசம் வைப்பா," என்றார் அப்பா. அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அப்பா அவராக அம்மாவைப் பற்றிப் பேசி நாளாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அது இறக்கையை விரித்துப் பக்கத்துத் திட்டுக்குப் போனது. முதுகு பழுப்பு. தூரகிழக்குக் கோட்டான், உலகத்தில் உள்ள கரைப்பறவைகளிலேயே மிக நீளமான அலகு இதற்குத்தான், அழியும் ஆபத்தில் உள்ள பறவைகள் பட்டியலில் இருக்கிறது. நாங்கள் அன்று பார்த்தது இரண்டு.

அதே பட்டியலில் உள்ள இன்னொன்று, கிரேட் நாட் என்கிற பருத்த உள்ளான், முப்பதுக்கு மேல் பார்த்தோம். நெஞ்சில் புள்ளி தெளித்த, தடித்த, அவசரப்படாத பறவை. இது வடக்கே போகும்போது மஞ்சள் கடல் ஓரத்துச் சேற்றில் இறங்கித்தான் மறுபடி தின்று கொழுக்க வேண்டும், வேறு வழியில்லை. தென்கொரியாவில் செமாங்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் கடல்சுவர் 2006-இல் கட்டி முடிக்கப்பட்டு, உள்ளே இருந்த சேற்றுவெளி மூடப்பட்டது. அங்கே இறங்கிக்கொண்டிருந்த கிரேட் நாட் கூட்டம் வேறு இடத்துக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளவில்லை, எண்ணிக்கையே விழுந்துவிட்டது. சீனா தன் பக்கத்துக் கரையில் சிலவற்றை 2019-இலும், கொரியா தன் சேற்றுவெளிகளை 2021-இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தன, அது ஒரு ஆறுதல். தம்பி இதைப் படகில் பாடம் எடுப்பது போல் சொல்லவில்லை, அந்தப் பறவை முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது, இது எங்கே போகும் என்று பையன் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். வழிகாட்டி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

பட்டைவால் மூக்கனும் இருந்தது, ஏழு. இதன் சொந்தக்காரன் ஒன்று, ஐந்து மாதக் குஞ்சு, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் 11 நாளில் எங்கேயும் இறங்காமல் பறந்திருக்கிறது, முதுகில் கட்டிய கருவி காட்டிக் கொடுத்தது. 11 நாள் தூங்காமலா என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். துறைமுகத்தில் இரவு ஷிப்ட் பார்த்தவர், அவருக்குத் தூக்கம் போவது என்ன என்று தெரியும்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் மதிப்புக்கு உரியதாகப் பட்டது இன்னொரு சின்ன விஷயம். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பச்சைக்காலி கொஞ்சம் குட்டைக் காலோடு, அடியில் மஞ்சளோடிய தடித்த அலகோடு நின்றது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, நார்ட்மன் பச்சைக்காலியாக இருக்குமோ என்று. உலகத்திலேயே இரண்டாயிரத்துக்குள்தான் மிச்சம், பெரும்பாலான கரைப்பறவைகள் தரையில் முட்டையிட இது மரத்திலும் கூடு கட்டும். அதைத் தேடி எங்கிருந்தோ எல்லாம் ஆட்கள் மலேசியாவுக்கு வருகிறார்கள். தம்பி பத்து நிமிடம் பார்த்தார். வெயில் நேராக எதிரில், பறவை தலையைச் செருகிக்கொண்டுவிட்டது. பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு, அக்கா, நான் உறுதியாகச் சொல்ல முடியாது, நோட்டில் எழுத வேண்டாம் என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கும் சந்தோஷம், அவருக்கும் பேர், நானும் இந்நேரம் தலைப்பிலேயே அதைப் போட்டிருப்பேன். அவர் சொல்லவில்லை. கிட்டே போய்ப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. பாக்சிக் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

அவர்கள் பார்த்ததை எல்லாம் ஈபேர்ட் என்கிற இணையப் பறவைப் பதிவேட்டில் எண்ணிக்கையோடு பதிகிறார்கள், ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் தம்பி போகிறார். 1987-இலிருந்து வருடா வருடம் நடக்கிற கணக்கு அது. தோராயமாக ஒரு பேரை எழுதினால் அது எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தவர் என்பதால்தான் அவ்வளவு கவனம்.

பைனாகுலர் அவர்களே தருகிறார்கள், இரண்டு, 8க்கு 42 அளவு. 10 மடங்கு கேட்காதீர்கள், படகு ஆடும்போது கை நடுக்கமும் 10 மடங்கு ஆகிவிடும், பறவை கட்டத்துக்குள் நிற்கவே நிற்காது. 42 என்பது முன் கண்ணாடியின் அகலம், காலை மங்கல் வெளிச்சத்துக்கு அது போதும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்வைக்கும் வளையத்தை உள்ளே தள்ளிவிட்டுப் பாருங்கள், அப்பா அரைமணி நேரம் கறுப்பு வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், யாரும் சொல்லாததால். ஸ்கோப் ஒன்றும் வைத்திருக்கிறார்கள், அது படகில் உதவாது, கரையில் பண்டில், அதாவது மண் அணைமேட்டில், நின்று பார்க்கத்தான். ஏற்றம் முடிகிற நேரம் படகிலிருந்து இறங்கி பண்டில் முக்காலியை ஊன்றினார்கள், சேறு முழுகிப்போய் மேட்டில் ஒதுங்கிய கூட்டத்தை அப்போது சாவகாசமாகப் பார்த்தோம். பாதிப் பறவைகள் ஒற்றைக் காலில் தூக்கம். சீனக் கொக்கு ஒன்று, சின்னப் பிள்ளை மாதிரி இறக்கையைத் தூக்கிக்கொண்டு ஆழமில்லாத தண்ணீரில் இங்கும் அங்கும் ஓடி மீன் துரத்திக்கொண்டிருந்தது. சாதாரண வெள்ளைக் கொக்கு என்று நான் தாண்டிப் போயிருப்பேன், அதன் ஓட்டத்தை வைத்துத்தான் தம்பி அடையாளம் சொன்னார்.

மதியத்துக்கு மேல் அதே காசில் பெனாகா பக்கத்து வயல்களுக்கும் கூட்டிப் போனார், அவரவர் காரில் பின்னால் போக வேண்டும். அறுவடை முடிந்து தண்ணீர் விட்ட வயல். நத்தைகுத்தி நாரைகள், எண்ணி முடியவில்லை, நூற்றுக்கணக்கில். தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பழகிய பறவை, இங்கே நான் சின்ன வயதில் பார்த்ததே கிடையாது. இப்போது வருடம் தவறாமல் வடக்கிலிருந்து இறங்குகிறது. காரணம் வயலில் இருக்கும் தங்க நத்தை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து இளம் நாற்றைத் தின்று தீர்க்கும் அந்த நத்தையை இது கிடுக்கி போன்ற அலகால் உருவித் தின்கிறது, மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் அலகு. பண்டோரம் உட்கார்ந்திருந்த விவசாயி ஒருவர் எங்களைப் பார்த்து, இதைச் சுடாமல் விட்டுவைத்திருக்கிறோம், மருந்துச் செலவு குறைகிறது என்றார். மின்கம்பியில் தகைவிலான் வரிசை, நீலவால் பஞ்சுருட்டான், வேலியில் பழுப்புக் கீச்சான். பெரும்பாலும் குளிர்காலத்துக்கு வந்தவைதான்.

ஆயர் ஈத்தாம் டாலாம் சதுப்புக் காட்டையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள், அப்பா களைத்துவிட்டார், நாங்கள் போகவில்லை. முன்பு போயிருக்கிறேன், ஈப்பிடிப்பான்களுக்கும் மீன் ஆந்தைக்கும் நல்ல இடம், கொசு மருந்து கட்டாயம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். படகில் நிழல் கிடையாது, பிப்ரவரி வெயில் பத்தரைக்கே மண்டையைப் பிளக்கிறது, நீளக்கை சட்டையும் அகலத் தொப்பியும் இல்லாமல் ஏறாதீர்கள். கழிப்பறை வசதி இல்லவே இல்லை, மூன்றரை மணி நேரம், பெண்களும் வயதானவர்களும் இதை யோசித்துவிட்டுப் போங்கள். மிதவை அங்கி எல்லாருக்கும் கொடுத்தார்கள், ஆனால் சிறுவர் அளவு ஒன்றும் இல்லை, பையனுக்குப் போட்டது தோளில் நிற்கவில்லை, கயிற்றால் சுற்றிக் கட்டினோம். இதை நான் நேரிலேயே சொன்னேன், வாங்கி வைக்கிறேன் என்றார், வாங்கிய பிறகே சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், அல்லது சொந்தமாகக் கொண்டு போங்கள். உட்காரும் பலகைக்கு மெத்தை வேண்டும். குடிக்கத் தண்ணீர் நாம்தான் எடுத்துப் போக வேண்டும். பசியாறுவதை முன்னாலேயே முடித்துவிடுங்கள், கம்பத்து முனைக் கடையில் ரொட்டி சானாய் ஏழு மணிக்கே கிடைக்கிறது, கோப்பி நன்றாக இருந்தது.

பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட வேண்டாம் என்று முன்பே சொல்லி அனுப்புகிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரோன் கொண்டு போனால் ஏற்ற மாட்டார். பறக்க வைக்கச் சொல்லிக் கேட்டால் திருப்பி ஜெட்டிக்கே விட்டுவிடுவார், காசு கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்று. இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறாராம். தொடர்பு எண்ணை இங்கே போட அவருக்கு இஷ்டமில்லை, கூட்டம் சேர்ந்துவிடும் என்கிறார். ஜெட்டியில் பறவைப் படகு என்று கேட்டால் காட்டுவார்கள்.

கோலாலம்பூரில் இருப்பவர்கள் இதற்காகவே இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று கேட்டால், உங்களுக்குப் பக்கத்திலேயே கோலா சிலாங்கூர் இருக்கிறது, முதலில் அங்கே நீர் ஏறும் நேரம் பார்த்துப் போய் வாருங்கள். பெருநாளுக்குப் பினாங்கு வருகிறீர்கள் என்றால் ஒரு நாளை இந்தப் பக்கம் ஒதுக்குங்கள்.

நாங்கள் மார்ச் பௌர்ணமிக்கு மறுநாள் மறுபடியும் சொல்லி வைத்திருக்கிறோம். அப்போது சாம்பல் நிறம் போய் மூக்கனுக்கும் உள்ளானுக்கும் நெஞ்சில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருக்கும், அந்த நிறத்தில் நான் இன்னும் பார்த்ததில்லை. படகில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அப்பா தனக்கென்று ஒரு பைனாகுலர் வேண்டும் என்று சொல்லிவிட்டார், கண்ணாடி போடுபவருக்கு ஏற்ற, எடை குறைந்த 8க்கு 32 யாராவது பயன்படுத்தியிருந்தால் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.